நானூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி

என் குரலுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. ஆறு வருடங்களுக்கு முன்னால் எனக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, நரம்பில் பட்டுவிட்டால் குரல் கெட்டுப்போகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். எச்சரித்தபடியே பட்டது. அதற்குள் எங்கள் பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு மையம் முந்திக்கொண்டிருந்தது. பதினோரு நாட்கள் என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, கடலைப் பற்றி ஜனங்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் விடை வாங்கிப் பதிவு செய்துவிட்டார்கள். இப்போது நான் பேசினால் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். ‘கேட்டறி’ எண்ணுக்குப் போன் செய்தால் மட்டும் பழைய ஹெப்சிபா டீச்சர் தேனாய்ப் பேசுவாள்.

கேட்டறி என்பது நான்கு இலக்க எண். ஏழு மாவட்டங்களில் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பாம்பு கடித்தால் ஒரு பேராசிரியரின் குரல், தென்னையில் வண்டு விழுந்தால் இன்னொருவரின் குரல், கடல் என்றால் என் குரல். இயந்திரம் பதிவைத் திரும்பப் போடுவதில்லை. ஆளுக்குத் தகுந்தபடி பேசும், விசாரிக்கும், தேற்றும். சொல்கிற விடை மட்டும் நாங்கள் ஒப்புக்கொண்ட விடையாக இருக்கும். விடை என்னுடையது, வாய் அதனுடையது. வகுப்பில் பிள்ளைகளை நான் ‘மக்களே’ என்று கூப்பிடுவேன், எங்கள் நாகர்கோவில் பக்கத்து வழக்கம். அதையும் அது பிடித்துக்கொண்டது. கடற்கரை ஊர்களில் பாதிப்பேர் அந்த ஒரு வார்த்தைக்காகவே அதை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரே கேள்வியை நூறு பேர் நூறு விதமாகக் கேட்பார்கள். அத்தனையையும் இயந்திரம் ஒரே எண்ணில் சேர்த்துவிடும். சேராதது புதிய கேள்வி, அது எங்களுக்கு வரும். விடையை மாற்றுவதென்றால் மூன்று பேராசிரியர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான். கண்டவனெல்லாம் கைவைத்துவிடக் கூடாது என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு வாராந்தர அறிக்கை போனில் வந்து விழுந்தது. ‘புதிய கேள்விகள்: இல்லை.’ எங்கள் இயக்குநர் மகுடேஸ்வரனுக்கு இந்த வரியைப் பார்த்தால் உச்சி குளிர்ந்துவிடும். மக்களுக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டோம் என்று அவருக்கு நினைப்பு. நான் அடுத்த வரியைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி, ஆயிரத்து நூற்று நாற்பது முறை. ‘கடல் நிறம் மாறினால் மீன் சாப்பிடலாமா?’ வழக்கமாக வாரத்துக்கு முப்பது தாண்டாது.

மையத்தில் அன்று பாத்திமுத்து மட்டும்தான் வேலையில் இருந்தாள். இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண், தேங்காப்பட்டணத்துக்காரி.

“பாத்து, அந்த நானூத்திப் பன்னெண்டை எனக்கு ஒண்ணு பிரிச்சுக் காட்டு. ஜனங்க நெசமா என்ன கேட்டாங்கன்னு பார்க்கணும்.”

“ஞாயித்துக்கெழமையும் விடமாட்டியளா டீச்சர்? செரி, இருங்க.” விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. “டீச்சர்... இது கடல் நெறம் பத்தி மட்டும் இல்லியே.”

“வாசி.”

“‘கடல் செம்மண்ணு கரைச்ச மாதிரி கெடக்கு, சிப்பி தின்னா ஒதடு மரத்துப் போவுது.’ ‘சிப்பி ஓட்டை நக்கின பூனை செத்துப் போச்சு, கடல் செவந்ததாலயா?’ ‘வெரலு நுனியில ஊசி குத்துத மாதிரி இருக்கு.’ இப்பிடி ஏகப்பட்டது டீச்சர்.”

“நான் என்ன பதில் சொல்லியிருக்கேன்?”

அவள் தயங்கினாள். “பயப்பட ஒண்ணும் இல்ல மக்களே, நல்லா வேகவச்சுச் சாப்பிடுங்க, உதடு மரத்தா அது சாதாரண ஒவ்வாமைதான்னு.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு வருடங்களுக்கு முன்னால் கடல் பச்சையாக மாறியபோது நான் சொன்ன விடை அது. அன்றைக்கு அது சரியான விடை. பச்சைப் பாசி ஆளை ஒன்றும் செய்யாது. இது சிவப்பு.

“என்ன டீச்சர் இது?”

“வேற பாசி பாத்து. சிப்பி அதைத் தின்னும், சிப்பிக்கு ஒண்ணும் ஆவாது. சிப்பியைத் தின்னுற ஆளுக்குத்தான் ஆகும். எவ்வளவு கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது. மாத்து மருந்தும் கிடையாது. முதல்ல உதடு, பெறவு விரல், கடைசியில மூச்சு. சீக்கிரமா மூச்சுக் கருவியில போட்டா ஆளு பிழைக்கும். வீட்டுல படுத்தா போயிரும்.”

“அல்லாவே. டீச்சர், ஆலஞ்சித்துறையில இருந்து ஒரு பொம்பள அஞ்சு தடவ கேட்டிருக்கா. சகாய ஜெனோபான்னு பேரு. கடைசி போன் இன்னைக்குக் காலம்பற. பூசை முடிஞ்சு ஊருக்கு மொத சிப்பி பங்கு வைக்கப் போறோம், முங்கி எடுத்துட்டு வந்த எனக்க மாப்பிளைக்கு ஒதடு மரத்துப் போச்சு, பிள்ளையளுக்குக் குடுக்கலாமான்னு கேக்கா.”

“நான்?”

“தாராளமா குடுங்க மக்களேன்னு சொல்லியாச்சு.”

சீசனில் முதன்முதலாக எடுக்கும் சிப்பியை ஆலஞ்சித்துறைக்காரர்கள் விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் பக்கத்தில் பெரிய அண்டாக்களில் அவித்து வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். இருநூற்றுச் சொச்சம் வீடுகள். பூசை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. என் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர்.

மகுடேஸ்வரனைக் கூப்பிட்டேன். அவர் ஈரோட்டுப் பக்கத்து ஆள், எந்த நெருப்பிலும் நிதானமாகப் பேசுவார்.

“மேடம், பதட்டப்படாதீங்க. யாராச்சும் இறந்திருக்காங்களா?”

“இன்னும் இல்லை. யாராவது செத்தாத்தான் மாத்துவீங்களா?”

“நான் மாத்தறதுக்கு என்னங்க இருக்குது? மூணு கையெழுத்து வேணும்னு சொன்னதே நீங்கதானுங்களே. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. மூணாவது ஆளு கருத்தரங்குக்குப் போயிட்டு இப்ப ஆகாயத்துல வந்துட்டு இருக்கறாரு. சாயங்காலம்தான் எறங்குவாரு.”

“அப்போ லைனையே நிறுத்துங்க.”

“போன வாரம் மட்டும் பாம்புக்கடிக்கு வந்த கேள்வி தொண்ணூத்தாறுங்க. கட்டுப் போடாதே, கீறாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு நாமதான் சொல்லிட்டிருக்கறோம். லைனை நிறுத்தினா ஏழு மாவட்டத்துக்கும் நிக்கும். இன்னிக்கு அதுல ஒரு உசுரு போச்சுன்னா நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா?”

அவர் மடையராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன். அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அவசர உதவிக்கென்று இருக்கிற எண்ணில் ஒரு பையன் பணிவாகக் குறித்துக்கொண்டான். கேட்டறியில் சரிபார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னான். போனை வைத்துவிட்டேன்.

பாத்திமுத்து கொடுத்த எண்ணில் ஜெனோபாவைக் கூப்பிட்டேன். பின்னால் கோவில் மைக் சத்தம்.

“ஜெனோபாம்மா, நான் ஹெப்சிபா டீச்சர் பேசுறேன். சிப்பியை யாருக்கும் குடுக்காதீங்க.”

“யாரு? டீச்சருக்க தொண்டையா இது? ஆளப் பாத்து வெளையாடுங்க.”

“எனக்கு ஆப்பரேஷன் நடந்துச்சு, குரல் போயிருச்சு. கேட்டறியில பேசுறது நான் இல்ல, மெஷின்.”

“டீச்சரு யாருக்கும் போன் பண்ண மாட்டாவன்னு அவியளே சொல்லியிருக்காவ. வைங்க போன.”

வைத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. போன வருடம் எவனோ என் குரலைத் திருடி, கடல்பாசி மாத்திரை என்று எதையோ ஊர் ஊராக விற்றான். அதற்காக நான் ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். என் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், வீட்டு வாசலில் வந்து நின்றாலும் நம்பாதீர்கள் மக்களே, சந்தேகம் வந்தால் கேட்டறியைக் கேளுங்கள். எழுதியது நான், பேசியது அது. ஜனங்கள் ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு நன்றாக எந்த மாணவனும் கேட்டதில்லை.

காரை எடுத்தேன். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. காத்திருந்த நேரத்தில் ஏதோ தோன்றி நானே கேட்டறிக்குப் போன் செய்தேன். சிப்பியில் விஷம் இருக்கிறது, எல்லோரிடமும் சொல்லு என்று கத்தினேன். ‘பயந்துட்டீங்க போல இருக்கே மக்களே, கொஞ்சம் தண்ணி குடிங்க,’ என்றது என் குரல். எத்தனை கனிவு அதில். நான் ஒருநாளும் அவ்வளவு கனிவாக இருந்ததில்லை.

ஆலஞ்சித்துறை போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. கோவில் பக்கத்துப் பந்தலில் மூன்று அண்டாக்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஜனங்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் குழந்தைகள், அவர்களுக்குத்தான் முதல் பங்காம். ஜெனரேட்டர் சத்தத்தில் என் தகரக் குரல் நாலடிகூடப் போகவில்லை. நேரே போய் அகப்பையைப் பிடித்துக்கொண்டேன். அகப்பையின் மறுமுனையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். கட்டுமஸ்தான உடம்பு, முறைப்பான பார்வை.

“நீங்கதானே ஜெனோபா? காலையில போன் பண்ணினது நான்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பேப்பர்ல பாத்த டீச்சரு நல்ல தடியா இருப்பாவ. நீங்க எலும்பும் தோலுமா நிக்கிய.”

“சீக்கு வந்தா மெலியத்தான் செய்யும். என் பல்கலைக்கழகக் கார்டைப் பாருங்க.”

“மாத்திர வித்தவனும் கார்டு காட்டினான்.” போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். “டீச்சர், நம்ம ஊர்ல ஒருத்தி வந்து நிக்கா. நாந்தான் டீச்சருங்கா. சிப்பி தின்னக் கூடாதாம்.”

“நான் யார் வீட்டுக்கும் வர்றதில்ல மக்களே,” என்றது என் குரல். “அப்படி யாராவது வந்தா நம்பாதீங்க. சிப்பியை நல்லா வேகவச்சு எல்லாரும் சந்தோஷமாச் சாப்பிடுங்க.”

பந்தலே சிரித்தது. யாரோ ‘கிறுக்கி’ என்றார்கள். ஒரு சிறுமி தட்டை நீட்டிக்கொண்டு, எப்போது தருவார்கள் என்று என் முகத்தையே பார்த்தாள். அப்போது நான் செய்ததை வீரம் என்று யாரும் எழுத வேண்டாம். வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சத்தியமாக அதைத்தான் செய்திருப்பேன்.

“ஒரு பந்தயம் வைப்போம்,” என்றேன். “உங்க சிப்பியை நான் தின்னுறேன். அரை மணி நேரம் பொறுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலன்னா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. அரை மணி பசி தாங்காதா?”

ஜெனோபாவின் கணவன் கிளாரன்ஸ், கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிறவன், உதட்டைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தான். “குடு ஜெனோபா. பாப்போம்,” என்றான்.

மூன்று சிப்பி எடுத்தேன். எத்தனை சிப்பியில் ஆள் சாகும் என்று எனக்குத் தெரியாது. மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், பார்க்க ஆளில்லை. பெரிய சிப்பிகள். நல்ல உப்பும் மிளகும் போட்டிருந்தார்கள், ருசியாகத்தான் இருந்தது. தின்றுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெனோபா எதிரே இன்னொரு நாற்காலி போட்டு, பிடித்துவைத்த திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. ஒருவேளை நான்தான் தப்போ என்று ஒரு ஆசைகூட வந்தது. அப்புறம் கீழுதடு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. நாக்கால் தடவினேன், தடவியது தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி அது கன்னத்துக்கு ஏறியது. விரல் நுனிகளில் எறும்பு ஓடியது. புத்தகத்தில் நான் நடத்திய அதே வரிசை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குச் சாக இஷ்டமில்லை. எழுந்து காருக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தேன், கால் கேட்கவில்லை.

“ஜெனோபா, உதட்டைக் கிள்ளிப் பாருங்க,” என்று சொல்ல நினைத்தேன். வெறும் குழறல்தான் வந்தது. ஆனால் அவள் எழுந்து வந்து, நிஜமாகவே என் உதட்டை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். ரத்தம் வந்ததை அவள் விரலில்தான் பார்த்தேன்.

“எனக்கும் இப்பிடித்தான் வந்துது,” என்றான் கிளாரன்ஸ். “இதே மாதிரிதான்.”

ஜெனோபா என் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். “அந்த டீச்சர் ஒரு தடவகூட பயந்ததே இல்ல,” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “இவிய எப்பிடிப் பயப்படுதாவன்னு பாருங்க. இதுதான் உள்ளது, நெசமான டீச்சரு.” அடுத்த நிமிடம் அண்டாவை எட்டி உதைத்தாள். மற்ற இரண்டையும் ஆண்கள் மண்ணில் கவிழ்த்தார்கள்.

ஜீப்பில் என்னைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். என் தலை ஜெனோபாவின் மடியில் இருந்தது. அவள் கோடித்துறையில் கட்டிக்கொடுத்த தன் அக்கா செலினுக்குப் போன் செய்தாள். “அக்கா, சிப்பி தின்னாச்சா? நேத்தேவா? இன்னைக்குமா? ஒதடு மரத்திருக்கா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. டீச்சரு எங்கூடத்தான் இருக்காவ. சொன்னாக் கேளுக்கா.” எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கண்ணிமையைக்கூட அசைக்க முடியவில்லை. மூச்சு ஒவ்வொன்றையும் நானே இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது, கடைசியில் இழுத்தும் வரவில்லை. அதற்குமேல் நினைவில்லை.

இரண்டு நாள் மூச்சுக் கருவியில் கிடந்தேனாம். ஞாயிறு சாயங்காலம் மூன்றாவது கையெழுத்து வந்து இறங்கியது, எனக்குச் சுயநினைவு இல்லையென்று காரணம் காட்டி என் கையெழுத்துக்கு விலக்குக் கொடுத்து, விடையை மாற்றினார்கள். மகுடேஸ்வரன் பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆலஞ்சித்துறையில் ஓர் உயிரும் போகவில்லை.

புதன்கிழமை ஜெனோபா வந்தாள். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவல டீச்சர்,” என்றாள். “எங்கிட்ட பேசிட்டு வச்ச ஒடனே உங்களுக்குப் போன் போட்டிருக்கா. அவ கடைசியா பேசினது உங்க கூடத்தான். அத நான் கேக்கணும்.”

“வேண்டாம்மா,” என்றேன். அதற்கே தொண்டை எரிந்தது.

“நான் கேக்கணும்.”

பாத்திமுத்து அழுதுகொண்டே மையத்திலிருந்து பதிவை அனுப்பினாள். போனைக் கட்டிலில் வைத்து இருவரும் குனிந்து கேட்டோம்.

“டீச்சர், எனக்க தங்கச்சி போன் போட்டா. சிப்பியில விஷமாம். எனக்கு ஒதடு மரத்துக் கெடக்கு, கொஞ்சம் மூச்சும் வாங்குது. ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுதா. டீச்சரு எங்கூடத்தான் இருக்காவன்னும் சொல்லுதா. அவ கூட இருக்கது நீங்களா?”

“நான் யார் கூடவும் இல்ல மக்களே. உதடு மரத்துப் போறது சாதாரண ஒவ்வாமைதான். இளஞ்சூடாத் தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துக்கிடுங்க. பயப்படாதீங்க.”

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் செலின் லேசாகச் சிரித்தாள்.

“செரி டீச்சர். அவ சின்னதுலயே பயந்தாங்கொள்ளி. நீங்க சொன்னா எனக்குச் செரிதான்.”

பதிவு முடிந்தது. ஜெனோபா கண்ணைத் துடைக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.